சிவப்பு மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது?

கேள்வி: எனக்கு 28 வயது. ஊர் கடலூர் முதுநகர். 2004-ல், ஏழு வயதில், ரத்தப் புற்றுநோய் வந்து இரண்டரை வருடம் சிகிச்சை எடுத்தேன். கீமோ, முதுகில் ஊசி, தலைக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் வைத்தார்கள். பிறகு ஐந்து வருடம் செக்கப்புக்குப் போனோம், அத்தோடு நின்றுவிட்டது. ஃபைல் தானே புயலில் நனைந்து பாதி வீணாகிவிட்டது. திருமணமாகி எட்டு மாதம். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். கணவருக்கு எல்லாம் தெரியும், மாமியார் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதமாக அசதி, எடையும் கூடுகிறது. இங்குள்ள டாக்டர் "இருபது வருஷம் ஆச்சே, மறந்துடுங்க" என்கிறார். புதுச்சேரியில் ஒரு லேபில் 4,000 ரூபாய்க்கு முழு உடல் பரிசோதனை செய்கிறார்கள். எடுக்கலாமா? எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் இந்த நோய் வருமா? என்னோடு வார்டில் இருந்த ஒரு அண்ணனுக்கு ஹாட்ஜ்கின் நோய் (நிணநீர்ப் புற்றுநோய்), கழுத்திலும் நெஞ்சிலும் கட்டி. அவர் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் பயிற்சியில் சேரப்போகிறார். அவரும் ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டுமா?

வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் டாக்டர் சொன்னது பாதி சரி. ரத்தப் புற்றுநோய் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தை நீங்கள் மறந்துவிடலாம். சிகிச்சை முடிந்து இத்தனை வருடம் தாண்டியபின் அது திரும்புவது மிக அரிது. ஆனால் அதை விரட்ட ஏழு வயது உடம்புக்குள் என்னென்ன போனது, எவ்வளவு போனது என்பதை மறக்கக் கூடாது. அவற்றின் பின்விளைவுகளில் சில இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 62 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட உடல்நலப் பிரச்சினை இருந்தது. அவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 27, அதாவது உங்கள் வயதுதான். அவர்கள் 1970-86 காலத்தில் இன்னும் கடுமையான சிகிச்சை பெற்றவர்கள் என்பதால், அந்த எண்ணை அப்படியே உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1991 முதலே சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்று தனி கிளினிக் நடக்கிறது. எதற்கென்று யோசித்துப் பாருங்கள்.

அந்த 4,000 ரூபாயை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அப்படிப்பட்ட பட்டியலில் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், ஒரு இசிஜி என்று இருக்கும். உங்களுக்கு முதலில் வேண்டியது இதய எக்கோ, அதாவது இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன். மலிவு பேக்கேஜ்களில் பெரும்பாலும் அது இருக்காது. இசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டுமே தவிர, தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதைக் காட்டாது. "இசிஜி நார்மல்" என்ற தாளை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவதுதான் இதில் வரும் கெடுதல். போதாக்குறைக்குச் சில இடங்களில் "கேன்சர் மார்க்கர்" என்று சிஏ-125, சிஇஏ இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு அவற்றால் பயனில்லை. சிஏ-125 மாதவிடாய் நாட்களில்கூடக் கொஞ்சம் ஏறும். அப்புறம் ஸ்கேன் சென்டர் ஸ்கேன் சென்டராக அலைய வேண்டியதுதான்.

உங்களுக்கு என்ன பரிசோதனை வேண்டும் என்பதை அந்தப் பழைய ஃபைல்தான் சொல்லும். ஆகவே முதல் வேலை, அதிலிருந்து ஒரு பக்கச் சிகிச்சைச் சுருக்கம் தயாரிப்பது. நோயின் சரியான பெயர், சிகிச்சை தொடங்கிய, முடிந்த தேதிகள், ஒவ்வொரு கீமோ மருந்தின் மொத்த அளவு, கதிர்வீச்சு எந்த இடத்துக்கு எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அறுவை சிகிச்சை, ரத்தம் ஏற்றிய விவரம். இவ்வளவும் ஒரே தாளில் வர வேண்டும்.

நனைந்து காய்ந்த ஃபைலில் ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்காதீர்கள். தானாகப் பிரியும் பக்கங்களை மட்டும் ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி செல்போனில் படமெடுங்கள். மை கரைந்திருந்தாலும் பால்பாயின்ட் பேனா அழுத்திய தடம் நிழலாகத் தெரியும். தேட வேண்டியவை மூன்று: டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ சார்ட், கதிர்வீச்சு அட்டை. கிடைக்காததை, சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மருத்துவமனை எண், சேர்ந்த வருடம், அன்றைய முகவரி, அப்பா பெயர் எல்லாம் வேண்டும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருந்தால் பழைய இனிஷியலில் கேளுங்கள். புதுப் பெயரில் தேடிவிட்டு "இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதிர்வீச்சுப் பிரிவு தனியாகப் பதிவேடு வைத்திருக்கும், அங்கேயும் ஒரு முறை போய்க் கேளுங்கள். 2002-ம் வருட மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, ஆவணம் இருந்தால் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதே விதியில், உள்நோயாளி ஆவணத்தைக் காக்க வேண்டிய காலம் 3 வருடம்தான். ஆகவே 2004-ம் வருட ஃபைல் இல்லை என்று கைவிரித்தால் சண்டை போட்டுப் பயனில்லை.

அப்படியானால் வீட்டுப் பீரோவைக் கிளறுங்கள். ரயில் கட்டணச் சலுகைப் படிவம், பிரதமர் நிவாரண நிதிக்கு விண்ணப்பித்திருந்தால் மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீடு, மருந்துக்கடை பில் எல்லாமே உதவும். பில்லில் மருந்தின் பெயரும் குப்பிகளின் எண்ணிக்கையும் இருக்கும். 20 மி.கி. குப்பி என்றால் 24 மி.கி. ஊசிக்கு இரண்டு குப்பி உடைத்திருப்பார்கள், மீதி குப்பைக்குப் போயிருக்கும். எனவே பில்லை வைத்துப் போடும் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். அம்மாவிடமும் கேளுங்கள். மருந்தின் பெயர் மறந்திருந்தாலும், "செவப்பு மருந்து ஏத்துனாங்க, ஒண்ணுக்கு செவப்பாப் போச்சு, பயந்துட்டோம்" என்பதை எந்தத் தாயும் மறந்திருக்க மாட்டார். எத்தனை தடவை என்றுகூடச் சொல்லிவிடுவார்.

அந்தச் சிவப்பு மருந்துதான் நமக்கு முக்கியம். டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் என்று இரண்டு, ஆந்த்ராசைக்ளின் வகை. புற்றணுக்களைக் கொல்லும்போது இதயத் தசை அணுக்களையும் கொஞ்சம் கொல்லும். செத்த இதய அணுக்கள் திரும்ப முளைப்பதில்லை என்றே சொல்லலாம். தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருபது பேர் இழுக்க வேண்டிய வலையைப் பதினாறு பேர் இழுத்தாலும் வலை கரைக்கு வந்துவிடும், வெளியே ஒரு குறையும் தெரியாது. மீன்பாடு கனத்த அன்றைக்குத்தான் ஆள் குறைந்தது தெரியும். இதயத்துக்கு அப்படிப் பாடு கனக்கும் காலம் மூன்று: உடம்பு வளரும் பருவம், ரத்த அழுத்தம் ஏறும் நடுவயது, பிள்ளைப்பேறு.

கணக்கு இப்படிப் போட வேண்டும். அளவை உடல் பரப்புக்குத்தான் சொல்வார்கள். அன்றைய உயரத்தை செ.மீ.யிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 115 செ.மீ., 20 கிலோ என்றால் 2300-ஐ 3600-ஆல் வகுத்து 0.64, அதன் வர்க்கமூலம் 0.8 சதுர மீட்டர். சார்ட்டில் டானோரூபிசின் 24 மி.கி. நான்கு முறை என்றிருந்தால், 24-ஐ 0.8-ஆல் வகுக்க ஒரு முறைக்குச் சதுர மீட்டருக்கு 30 மி.கி., நான்கு முறைக்கு 120. டாக்ஸோரூபிசின் 20 மி.கி. மூன்று முறை என்றால் 25 வீதம் 75. இதயத்துக்கு டானோரூபிசினின் கெடுதல் டாக்ஸோரூபிசினைவிடக் குறைவு என்பதால் 120-ஐப் பாதியாக்கி 60 என்று எடுத்து, 75-உடன் கூட்டினால் 135. சிலர் பாதிக்குப் பதில் 0.6-ஆல் பெருக்குவார்கள், அப்போது 147. எப்படிப் பார்த்தாலும் கீழே சொல்லும் 100-250 வகுப்புதான். இது உதாரணம் மட்டுமே, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். இடையில் எடை கூடியிருந்தால் பிந்தைய ஊசிகளுக்கு அந்த எடையைப் போடுங்கள்.

அந்தக் காலத்து இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் எம்.சி.பி. 841 என்ற சிகிச்சைமுறை இருந்தது. ஃபைலில் அந்தப் பெயர் இருந்தால் பராமரிப்புக் கட்டத்திலும் (நோய் அடங்கியபின் நீண்ட நாள் தொடரும் சிகிச்சை) டானோரூபிசின் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆரம்ப மாதங்களை மட்டும் கூட்டிவிட்டு அதை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

மொத்தம் 250-ஐத் தொட்டால் இரண்டு வருடத்துக்கு ஒரு எக்கோ, 100-க்கும் 250-க்கும் இடையில் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒன்று. 100-க்குக் கீழே, நெஞ்சுக்குக் கதிர்வீச்சும் இல்லையென்றால் வழக்கமான எக்கோ தேவையில்லை. கரண்ட் தலைக்கு மட்டும்தானா, முதுகுத்தண்டுக்கும் சேர்த்தா என்பதையும் அட்டையில் பார்த்துவிடுங்கள். முதுகுத்தண்டுக்கும் வைத்திருந்தால் இதயத்துக்கும் அதில் பங்கு போயிருக்கும், கணக்கு மாறும்.

எதில் விழுந்தாலும் நீங்கள் கருத்தரிப்பதற்கு முன் ஒரு எக்கோ எடுத்தே ஆக வேண்டும். அதை எடுக்கும் விதம் ஒன்று உண்டு. பல ரிப்போர்ட்டுகளில் "குட் எல்வி ஃபங்ஷன்" (இதயத்தின் இடது கீழறை நன்றாக வேலை செய்கிறது) என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். அந்த வரியை ஐந்து வருடம் கழித்து எதனோடு ஒப்பிடுவது? பரிசோதனைச் சீட்டில் "ஆந்த்ராசைக்ளின் பெற்றவர், சிம்ப்சன் முறையில் இ.எஃப். எண், முடிந்தால் ஸ்ட்ரெயின்" என்று எழுதி வாங்குங்கள். இ.எஃப். என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், சிம்ப்சன் அதை அளக்கும் முறை, ஸ்ட்ரெயின் என்பது தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற அளவு. இ.எஃப். 50-க்குக் கீழே வந்தாலோ, ஸ்ட்ரெயின் குறைவாக இருந்தாலோ முதலில் இதய மருத்துவர், பிறகுதான் குழந்தைப் பேச்சு. இதயத்துக்காகக் கொடுக்கும் எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் கருவுக்கு ஆகாது என்பதால் இந்த வரிசை மாறக்கூடாது. இ.எஃப். நன்றாக இருந்தால் பெரும்பாலும் பேறுகாலம் சிக்கலின்றிப் போய்விடும்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். ஏழு, எட்டாம் மாதத்தில் இதயத்துக்குச் சுமை உச்சம். பிரசவமான முதல் சில வாரங்களும் கவனம் வேண்டிய காலம்தான். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, இரவில் வறட்டு இருமல், இரண்டு நாளில் சடசடவென எடை ஏறுவது ஆகியவற்றைக் கண்டால் "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். சிசேரியன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் சிறுவயதில் முதுகில் ஊசி போட்டதைச் சொல்லுங்கள். அதனால் முதுகு வழி மயக்கம் கொடுக்க முடியாது என்றில்லை, ஆனால் அவர் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விழித்திரைப் புற்றுநோய் மாதிரி குடும்பத்தில் இறங்கும் சில வகைகள் தவிர, மீண்டவர்களின் குழந்தைகளுக்குப் புற்றுநோயோ பிறவிக் குறையோ மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவதில்லை. கருத்தரிப்பதைப் பொறுத்தவரை பார்க்க வேண்டிய மருந்து சைக்ளோபாஸ்பமைடு. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் கொடுக்கும் அளவு பொதுவாகச் சினைப்பையைப் பெரிதாகப் பாதிக்காது. மாதவிடாய் ஒழுங்காக வந்தால் நல்ல அறிகுறி. ஆனால் சினைமுட்டை இருப்பு சிலருக்குச் சீக்கிரம் தீரலாம். "நாலஞ்சு வருஷம் போகட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். சுழற்சி தாறுமாறாக இருந்தால் சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் பரிசோதனைகளைப் பார்க்கச் சொல்வார்கள்.

இன்னொன்று, பலரும் நினைக்காதது: கீமோ பழைய தடுப்பூசிகளின் பலனை அழித்திருக்கலாம். ரூபெல்லா அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ரூபெல்லா ஐஜிஜி ரத்தப் பரிசோதனை பாருங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் எம்.எம்.ஆர். ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழிந்த பின் கருத்தரியுங்கள். கர்ப்பத்தில் அந்த ஊசி போட முடியாது. ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புச் சக்தியும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம். சிகிச்சையில் ரத்தம் ஏற்றியிருப்பார்கள் என்பதால் ஹெபடைட்டிஸ் சி ஒரு தடவை, உடலில் சேர்ந்த இரும்புக்கு ஃபெரிட்டின் ஒரு தடவை.

அடுத்து தலைக்கு வைத்த கரண்ட். அட்டையில் 1800 என்றிருந்தால் 18 கிரே என்று பொருள்; சென்டிகிரே என்றாலும் பழைய ராட் என்றாலும் எண் ஒன்றுதான். உங்கள் எடை கூடுவதற்கு இதற்கும் பங்கு இருக்கலாம். தலைக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண் பிள்ளைகள் வளர்ந்தபின் இடுப்பைச் சுற்றிச் சதை போடுவதும், சர்க்கரையும் கொழுப்பும் சீக்கிரம் ஏறுவதும் தெரிந்த விஷயம். அசதிக்குக் காரணம் தேடும்போது தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டை இயக்கும் மூளைச் சுரப்பியான பிட்யூட்டரியில் கோளாறு என்றால் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் நார்மல் போலவே இருக்கும், ஏமாந்துவிடுவோம். 18 கிரே போன்ற அளவில் அது அரிது, இருந்தாலும் ஒரு தடவை பார்ப்பதில் நஷ்டமில்லை. ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி மூன்றையும் அதோடு பாருங்கள். நம் ஊர்ப் பெண்களின் அசதிக்குப் பல நேரம் காரணம் ரத்தசோகைதான். எல்லாவற்றையும் பழைய நோயின் தலையில் போட வேண்டாம்.

மூளைக்கு வருடாவருடம் ஸ்கேன் தேவையில்லை. காலையில் வாந்தியோடு தலைவலி, புதிதாக வலிப்பு, ஒரு பக்கம் மரத்துப்போவது என்று வந்தால் மட்டும் தாமதிக்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அந்த டாக்டரிடம் தலைக்குக் கதிர்வீச்சு பெற்றதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். கண்ணில் புரை, பல் வேர் குட்டையாக இருப்பது இரண்டும் வரக்கூடியவை. கண் டாக்டரையும் பல் டாக்டரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு வாங்கியதால் எலும்பு அடர்த்திக்கு ஒரு டெக்ஸா ஸ்கேன். தொடை இடுக்கிலோ முழங்காலிலோ விடாத வலி இருந்தால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பில் கோளாறு இருக்க முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் அது தெரியாது.

இதையெல்லாம் எங்கே செய்வது? சுருக்கத்தைப் பழைய மருத்துவமனையிலேயே எழுதி வாங்குவது நல்லது. அது தூரம் என்றால் கோரிமேடு ஜிப்மரில் மெடிக்கல் ஆங்காலஜி இருக்கிறது. கடலூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுங்கள், கையில் கிடைத்த எல்லாத் தாளின் நகலோடும். "நோய் இல்லை, நீண்டகாலப் பின்தொடர்தலுக்கு வந்திருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "என்ன தொந்தரவு?" என்ற கேள்வியிலேயே நேரம் போய்விடும். மற்றவை கடலூரிலேயே நடக்கும். வருடம் ஒரு முறை ரத்த அழுத்தம், எடை, சர்க்கரை, தைராய்டு பார்த்தால் போதும். இவற்றில் ரத்த அழுத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆந்த்ராசைக்ளின் ஏறிய இதயத்தைக் கெடுப்பதில் அதைப்போல வேறொன்றில்லை. நம் கையில் கட்டுப்படுத்தக்கூடியதும் அதுதான்.

வீட்டில் யாருக்குச் சொல்வது என்பது உங்கள் விருப்பம், உங்கள் உரிமை. ஆனால் பிரசவம் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் அட்டை வீட்டில் எல்லோர் கையிலும் புழங்கும், அத்தையோ நாத்தனாரோ புரட்டிப் பார்க்கலாம். ஆகவே முதல் முறை கணவரோடு மட்டும் போய், விவரத்தை மருத்துவமனைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அட்டையில் "எக்கோ தேவை" என்று இருந்தால் போதும்.

இனி அந்த அண்ணனுக்கு. அவர் ஏ.பி.வி.டி. என்ற கீமோ ஆறு சுற்று வாங்கியிருந்தால் டாக்ஸோரூபிசின் 300 வரை போயிருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு எக்கோ அவருக்குக் கட்டாயம். கழுத்துக்குக் கரண்ட் வைத்திருந்தால் வருடாவருடம் டி.எஸ்.எச்., கூடவே டாக்டர் கையால் கழுத்தைத் தடவிப் பார்ப்பதும். நெஞ்சுக்கு வைத்திருந்தால் இதய ரத்தக்குழாய் அடைப்பு வயதுக்கு முன்பே வரலாம், நாற்பதுக்குள் வரும் நெஞ்சுவலியை "கேஸ்" என்று விடக்கூடாது. அதே கீமோவில் பி என்பது பிளியோமைசின், நுரையீரலைத் தழும்பாக்கக்கூடிய மருந்து. டைவிங்கில் நுரையீரல் சுமக்கும் அழுத்தமும், அழுத்தத்தோடு உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அவருக்குச் சாதாரண விஷயமில்லை. பயிற்சி நிலையத்தின் மருத்துவப் படிவத்தில் "இல்லை, இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் போகாமல், பணம் கட்டும் முன்பே நுரையீரல் மருத்துவரிடம் போய், ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனையோடு, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு போகிறது என்று காட்டும் டி.எல்.சி.ஓ. பரிசோதனையும் செய்து, டைவிங் பற்றி அவர் கருத்தை எழுத்தில் வாங்கட்டும். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் பிளியோமைசின் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துக் கொடுப்பார். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடச் சொல்லுங்கள்.